சபாபதி சாரின் பிளாஸ்க்

சபாபதி சாரின் பிளாஸ்க் மூடியில் ஒரு நாள்கூட எனக்கு டீ கிடைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரவையின் ஆண்டு மலருக்கு "உங்க பணி அனுபவத்தை எழுதிக் குடுங்க மேடம்" என்று வந்து நின்ற பிள்ளைகள் வேறு எதையோ எதிர்பார்க்கிறார்கள். கலைக்குத் தொண்டு, தியாகம், அர்ப்பணிப்பு என்று நான் எழுதுவேன் என்று நினைக்கிறார்கள். அதெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வேலையில் ஞாபகம் இருப்பதில் முக்கால்வாசி வயிற்றெரிச்சல்தான்.

அவர்களில் ஒருத்தி, போன மாதம் வந்த நித்யா என்ற பெண், பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். இப்போதெல்லாம் பேரவையின் தேசிய அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் குழுக்கள் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பினால் போதுமாம். "மூணு நிமிஷம் மேடம். அதுக்கு மேல யாரும் பாக்கறதில்ல" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துவிட்டாள். "மூணு நிமிஷத்துல ராஜாவோட மூஞ்சிகூடத் தெரியாதேடி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரியட்டும் என்றுதான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

பேரவை என்றால் என்னவென்று வெளியாருக்குச் சொல்ல வேண்டும். நாடு முழுக்க மேடையில் ஆடுகிற, பாடுகிற, நடிக்கிற, வாசிக்கிற ஜனங்களுக்காக அரசாங்கத்திடமும் ரயில்வேயிடமும் போலீஸிடமும் போய்க் கேட்கிற சங்கம் அது. தலைமையகம் டில்லியில். சென்னையின் மேற்குப் பக்கத்துக்கு, அதாவது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு ஒரு கிளை. அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையம் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. நாங்கள் யாரும் ஆடமாட்டோம், பாடமாட்டோம். ஆடுகிறவனுக்கு ரயிலில் சலுகை வேண்டும், அவன் பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் வேண்டும், திருவிழாவில் விடியவிடிய ஆட போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வேண்டும் என்றால் நாங்கள் போய் நிற்போம்.

நான் எண்பதுகளின் தொடக்கத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ஊர் ஆவடி. அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. பக்கத்து வீடு பஞ்சாபி, எதிர்வீடு கான்பூர்க்காரர்கள். அவர்கள் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடியே இந்தி வந்துவிட்டது. இங்கிலீஷ் கன்னியாஸ்திரீகள் அடித்துச் சொல்லிக் கொடுத்தது. டில்லியிலிருந்து வரும் தபாலைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார்கள். டைப் அடித்தது கொஞ்ச காலம், அப்புறம் களப்பணி. பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. சபாபதி சார்தான் பயிற்சி.

அவர் கிளைச் செயலாளர். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் வெள்ளைச் சட்டை. யாரையும் திட்டமாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். அவர் மேசையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கும். பிளாஸ்டிக் இல்லை, பழைய தகரக் கூடு. நாம் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வரும்போது வளவளவென்று போனால் அந்தக் கூட்டை மேசையில் ஒரு தட்டு தட்டுவார். டொக். அதற்கு அர்த்தம், மூன்று வாக்கியத்தில் சொல்லு.

அந்த மூன்று வாக்கியம் எங்கள் கிளையின் வேதம். முதல் வாக்கியம், யாருக்கு என்ன வேண்டும். இரண்டாவது, அதைத் தர வேண்டியவர் யார். மூன்றாவது, ஏன் இன்னும் தரவில்லை. "இந்த மூணுல ஒண்ணு தெரியலைன்னா நீ இன்னும் கேஸைப் பாக்கலன்னு அர்த்தம். திரும்பிப் போய்ப் பாரு" என்பார். திரும்பிப் போவோம். மழையானாலும் போவோம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நின்று நின்று என் குடைக் கம்பி துருப்பிடித்ததுதான் மிச்சம்.

ஸ்டேஷனுக்குப் போகவும் ஒரு முறை வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் ரவுண்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் காலையிலேயே போய்விட வேண்டும். நாற்காலி போட்டாலும் நாம் உட்காரக் கூடாது, கலைஞரைத்தான் உட்கார வைக்க வேண்டும். முதலில் பேசுவதும் அவராகத்தான் இருக்க வேண்டும், அவருக்கு வாய் அடைத்தால்தான் நாம். ஒரு முறை ஒரு இன்ஸ்பெக்டர், "பத்து மணிக்கு மேல மைக்கு கிடையாது, கூத்தாவது ஒண்ணாவது" என்று எழுந்தேவிட்டார். சபாபதி சார் குரலை உயர்த்தவில்லை. "மைக் வேண்டாம் சார். தொண்டை இருக்கு. தொண்டைக்கு அனுமதி குடுங்க" என்றார். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கையெழுத்தும் வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஆடி மாதம் வந்தால் இதே அலைச்சல். புதுப் புது காலனி வந்துகொண்டிருந்த காலம். ராத்திரி தூக்கம் கெடுகிறது என்று யாராவது ஒருவர் எழுதிப் போட்டுவிடுவார். கூத்துக்காரர்கள் ஸ்டேஷன் வாசலில் திருடன் மாதிரி நிற்பார்கள்.

இப்போது பிளாஸ்க். நீல நிறம், மூடியே கோப்பை. வீட்டிலிருந்து டீ கொண்டுவருவார். பதினொரு மணிக்குத் திறப்பார். தான் ஒரு மூடி குடித்துவிட்டு மூடிவைப்பார். யாருக்கும் கொடுத்ததில்லை. எனக்குக் கீழே கடையிலிருந்து கிளாஸில் டீ வரும், அவரே சொல்லிவைத்திருந்தார். சரி, மனுஷன் அப்படித்தான் என்று நானும் இருந்தேன். வசந்தா வரும்வரை.

வசந்தா கரையான்சாவடிக்கு உள்ளே தள்ளி ஒரு பழைய கிராமத்துப் பெண். நிலம் வைத்திருந்த குடும்பம். அவள் சித்தப்பா ஒருவர் கூத்தில் மத்தளம் அடிப்பவர். பத்தாவதுதான் படித்திருந்தாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். சேர்ந்த முதல் நாள் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, "பிலோமினாக்கான்னு நீட்டி கூப்ட முடியாது, பிலோக்கான்னு கூப்பிடறேன்" என்றாள். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். பதினொரு மணிக்கு சபாபதி சார் பிளாஸ்க்கைத் திறந்தார். தன் மூடியைக் குடித்துவிட்டு, கழுவி, இன்னொரு மூடி ஊற்றி அவளிடம் நீட்டினார். "குடிக்கிறியாம்மா?" அவள் வாங்கிக் குடித்தாள். "நல்லாக்கீது சார்" என்றாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! நான் அங்கே நாலு வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். இவள் வந்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் தவறாமல் பதினொரு மணிக்கு அவளுக்கு ஒரு மூடி, எனக்குக் கடையிலிருந்து கிளாஸ். அந்தக் கிளாஸை மேசையில் டணாரென்று வைப்பேன். யாரும் கவனிக்கவில்லை.

டீயோடு போயிருந்தால் மறந்திருப்பேன். களத்திலும் அவள்தான். நான் ஒரு கலைஞர் வீட்டுக்குப் போனால் உள்ளேயிருந்து இரும்பு நாற்காலி வரும். தோளில் கிடக்கும் துண்டால் அதைத் தட்டித் துடைத்து, "உக்காருங்க மேடம்" என்று எதிரே கைகட்டி நிற்பார்கள். வசந்தா போனால் நேராக அடுப்படிக்குப் போய்விடுவாள். "இன்னா கொழம்பு?" என்று மூடியைத் திறப்பாள். அவர்கள் அவளைக் கண்ணு என்பார்கள், வசந்தி என்பார்கள், அடியே என்பார்கள். புருஷன் குடிப்பது, மகள் ஓடிப்போனது எல்லாம் அவளிடம் சொல்வார்கள். என்னிடம் ரேஷன் கார்டைக் காட்டுவார்கள். எனக்கும் கொழம்பு பிடிக்கும். ஒருத்தராவது கேட்டிருக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டில்லியிலிருந்து செய்தி வந்தது. மாநிலத்துக்கு ஒரு பாரம்பரியக் குழுவோ நாடகக் குழுவோ தேர்ந்தெடுத்துத் தேசிய அங்கீகாரம் கொடுக்கப்போகிறார்கள். அந்த அங்கீகாரம் இருந்தால் எந்த ஸ்டேஷனிலும் போய்க் கெஞ்ச வேண்டாம், தகவல் சொன்னால் போதும். டில்லியிலிருந்து மூன்று பேர் வந்து பார்ப்பார்கள். குழுவுக்குப் பதினைந்து நிமிடம். செய்தியின் கடைசியில் ஒரு விதி இருந்தது. தேர்வாகும் குழுவை முன்மொழிந்த களப்பணியாளர் பேரவையின் தேசியக் குழுவில் அந்த மாநிலத்துக்கான இடத்தில் உட்காருவார். அதை சபாபதி சாருக்குப் படித்துச் சொன்னதே நான்தான். படிக்கும்போதே அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டேன். என் இந்தி, என் இங்கிலீஷ், என் மூன்று வாக்கியம். வேறு யார் போவது?

எங்கள் கிளை இரண்டு பெயர் அனுப்பலாம். நான் ஆவடித் தொழிலாளர் நாடகக் குழுவை முன்மொழிந்தேன். அதை நடத்தியவர் சேவியர் அண்ணன், பகலில் லேத் ஓட்டுவார், சாயங்காலம் ஒத்திகை. வசந்தா தன் ஊர்ப் பக்கத்துக் கூத்துக் குழுவை முன்மொழிந்தாள். அதன் தலைவர் கண்ணப்ப வாத்தியார், ராஜா வேஷக்காரர். அந்த வருடம் ஆடியில் அவருக்கு மூன்று இடத்தில் அனுமதி மறுத்துவிட்டார்கள். கோயில்காரர்கள் அவருக்குப் பதில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டுவிட்டார்கள். "இந்தக் காயிதம் வரலைன்னா அடுத்த வருசம் கிரீடத்த பரண்ல ஏத்திட்டு கட்டட வேலைக்குப் போவ வேண்டியதுதான் கண்ணு" என்று வசந்தாவிடம் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை.

நான் சேவியர் அண்ணன் குழுவைப் பிழிந்து எடுத்தேன். இரண்டு மணி நேர நாடகத்தைப் பதினைந்து நிமிடமாக வெட்டினோம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒத்திகை. தொழிற்சங்கத் தலைவர் அழுவதற்கு இவ்வளவுதான் நேரம் என்று நான் கைதட்டி நிறுத்துவேன். "பிலோ, அழுகைய அளந்தா ஊத்தறது?" என்பார் சேவியர் அண்ணன். "அளந்துதான் அண்ணே" என்பேன்.

வசந்தா எந்தக் கடிகாரத்தையும் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது கேட்டேன், என்ன ஆடப்போகிறார்கள் என்று. "வாத்தியார்கிட்ட பதினஞ்சு நிமிசம்தான், இருக்கறதுலயே ஒசத்தியான எடத்த ஆடுங்கன்னு சொல்லிக்கீறேன். ராஜா வரவுதான் ஒசத்தின்ட்டாரு" என்றாள். ராஜா வரவு என்றால் என்னவென்று கேட்டேன். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள், ராஜா அதன் பின்னால் நின்று பாடுவார், ஆடுவார், அப்புறம் திரையை எடுப்பார்கள். அவர்கள் குழுவில் ஒரு வழக்கமும் இருந்தது. பிடித்த திரையை வேஷம் வெளியே வராமல் இறக்கவே கூடாது. இறக்கிவிட்டால் அந்த வருடம் முழுக்க வாத்தியார் அந்த வேஷத்தைக் கட்டமாட்டார். "எவ்ளோ நேரம் பின்னால நிப்பாரு?" என்றேன். "அது அவுரு மூடப் பொறுத்துது பிலோக்கா" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன். தேசியக் குழு நாற்காலியில் மெத்தை போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பார்வையாளர்கள் வந்த நாளில் முகப்பேரில் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாங்கியிருந்தோம். விடுமுறை நாள், மத்தியானம். டில்லியிலிருந்து வெள்ளைமுடி அம்மா ஒருவரும் இரண்டு ஆண்களும் வந்திருந்தார்கள். சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஆண்கள் இருவரும் வந்ததிலிருந்தே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட வாட்ச்மேன், பெருக்குகிற ஆயாக்கள், அக்கம்பக்கத்து பிளாட் ஜனங்கள் கொஞ்சம் பேர் பின்னால் உட்கார்ந்தார்கள். நேரம் முடிந்தால் மணி அடிக்க ஆள் வேண்டும். சபாபதி சார் பித்தளை மணியை எடுத்து என் கையில் கொடுத்தார். "பிலோமினாதான் சரி. தாட்சண்யம் பாக்காது" என்றார். பத்து வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

முதலில் சேவியர் அண்ணன் குழு. ஒரு வசனம் பிசகவில்லை. கடைசி வசனம் முடியவும் பதினைந்து நிமிடம் முடியவும் சரியாக இருந்தது. மணியே அடிக்க வேண்டியிருக்கவில்லை. டில்லி அம்மா அளவாகக் கைதட்டினார். ஆண்கள் ஏதோ குறித்துக்கொண்டார்கள். நான் வசந்தாவைப் பார்த்தேன். அவள் வாத்தியாரின் தோளில் புஜக்கட்டையை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கூத்து. மத்தளம், ஆர்மோனியம், முகவீணை என்கிற சின்ன நாயனம். இரண்டு பேர் சிவப்புத் துணியை நீட்டிப் பிடித்தார்கள். பின்னால் வாத்தியார் பாட ஆரம்பித்தார். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி, துணிக்குக் கீழே சலங்கை கட்டிய கால். அவ்வளவுதான் தெரிந்தது. பாடினார். ஆடினார். கட்டியங்காரன், அதாவது இடையில் புகுந்து சிரிக்க வைக்கிறவன், திரைக்கு முன்னால் வந்து, உள்ளே யார், எந்த நாடு, எந்த ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். ராஜா ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு பாடினார். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. கிரீடம் இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது. ஆள் வரவில்லை. வசந்தாவுக்கு முகம் வெளிறிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினைந்து நிமிடம் ஆனது. மணியை அடித்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், அடித்தது சரி. விதி விதிதான்.

யாரும் நிறுத்தவில்லை. ஆண்கள் இருவரும் எழுந்து பையை எடுத்தார்கள். மறுபடி அடித்தேன். கட்டியங்காரன் சட்டென்று என் பக்கம் திரும்பினான்.

"இன்னாம்மா சும்மா சும்மா மணி அடிச்சிகினு கீற? குச்சி ஐசு விக்கிறியா? எங்க ராஜா இன்னும் ஊட்ட உட்டே வெளிய வர்ல, அதுக்குள்ள கடய மூட சொல்ற!"

பின்னால் ஆயாக்கள் கொல்லென்று சிரித்தார்கள். திரைக்கு உள்ளேயிருந்து ராஜா பாட்டிலேயே கேட்டார், யாரடா அவள் என்று. "டில்லி ராணியோட மணிக்காரி ராஜா!" என்றான் இவன். மறுபடி சிரிப்பு. எனக்குக் காது சிவந்துவிட்டது.

டில்லி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்? ஏன் எல்லாரும் சிரிக்கிறார்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

அந்த ஹாலில் தமிழும் இந்தியும் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். நிகழ்ச்சி முடிந்தது, நன்றி சொல்கிறார்கள் என்று சொன்னால் அவர்கள் நடையைக் கட்டியிருப்பார்கள். எந்தப் பொய்யும் வேண்டாம், 'ஏதோ நகைச்சுவை' என்றாலே போதும். வாயைத் திறந்தேன். வளவளவென்று ஆரம்பித்தேன், இது ஒரு பழங்கால வழக்கம், கிராமத்தில் விடியவிடிய ஆடுவார்கள் என்று. பக்கத்தில் டொக் என்று சத்தம் கேட்டது. சபாபதி சார் நாற்காலிக் கையில் கண்ணாடிக் கூட்டைத் தட்டியிருந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

பத்து வருடப் பழக்கம், நான் என்ன செய்வேன்? டொக் கேட்டால் மூன்று வாக்கியம் தானாக வந்துவிடும். வந்துவிட்டது.

"ராஜா வெளியே வர வேண்டும். விட வேண்டியவர் நீங்கள். தடுப்பது என் கையில் இருக்கும் மணி."

டில்லி அம்மா என் கையைப் பார்த்தார். "வராமல் இப்படியே நிறுத்தினால்?" என்றார். திரையை இறக்கினால் வருடம் முழுக்க அந்த வேஷம் கிடையாது என்பதையும் சொன்னேன். எல்லாம் பஸ்ஸில் வசந்தாவிடம் கேட்டு நான் சிரித்த விஷயம்தான். அந்த அம்மா கையை நீட்டி மணியை வாங்கினார். அதன் நாக்கைக் கைக்குட்டையால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பையைக் கீழே வைத்தார்கள்.

வாத்தியார் அவசரப்படவில்லை. இன்னும் நாலு பாட்டு பாடினார், மனுஷனுக்கு என்ன திமிர்! அப்புறம்தான் மத்தளம் எகிறியது, துணி விலகியது. நான் எத்தனையோ கூத்துக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தவள், ஒன்றையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆனால் அவ்வளவு நேரம் கிரீட நுனியையும் காலையும் மட்டும் பார்த்த பிறகு முழு ராஜா, தோளிலும் மார்பிலும் கண்ணாடி மின்ன, ஒரே தாவாகத் தாவி டில்லி அம்மாவின் எதிரில் வந்து நின்றபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. வாட்ச்மேன் விசில் அடித்தான். தன் நாடகத்து மேனேஜர் வேஷத்தை இன்னும் கலைக்காமல் நின்றிருந்த சேவியர் அண்ணன் என் காதில், "இன்னா பிலோ, இவன் வந்ததுக்கு அப்பறம் நம்ம மூஞ்சி யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றார். யாருக்கும் இருக்கவில்லை. டில்லிக்காரர்கள் மூவரும் ரயிலைத் தவறவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து வாத்தியார் வேஷத்தோடு வந்து டில்லி அம்மாவுக்குக் கும்பிடு போட்டார். அப்புறம் என் பக்கம் வந்து, "மேடம், நீங்க இந்தில இன்னா சொன்னீங்கன்னு தெர்ல. அந்தம்மா உக்காந்துட்டாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்ணெல்லாம் அரிதாரம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் "சரி, சரி" என்றேன்.

சபாபதி சார் பிளாஸ்க்கைத் திறந்தார். இன்றைக்காவது, என்று நினைத்தேன். மூடியில் ஊற்றி வசந்தாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். என்னிடம் வந்து, "இந்தி புரியலை. மூணு வாக்கியமான்னு மட்டும் எண்ணினேன், சரியா இருந்தது" என்றார். பிறகு, "உனக்குக் கடையில சொல்லிட்டேன்" என்று போய்விட்டார். வாட்ச்மேன் ஒரு கிளாஸில் இஞ்சி டீ கொண்டுவந்து கொடுத்தான். அழுதுகொண்டே குடித்தேன். ஆனந்தக் கண்ணீர் என்று டில்லி அம்மா என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

அங்கீகாரம் கூத்துக்குத்தான் வந்தது. அடுத்த ஆடியில் வாத்தியார் ஸ்டேஷனில் நாற்காலியில் உட்கார்ந்து, "தகவல் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொன்னதை நான் நேரில் பார்த்தேன். சொல்லிவிட்டுக் காலைக்கூட ஆட்டினார். தேசியக் குழு இடம் விதிப்படி வசந்தாவுக்கு. பத்தாவது படித்த, இந்தியில் ஒன்று இரண்டுகூட எண்ணத் தெரியாத வசந்தாவுக்கு. அவளுக்கு இந்தி சொல்லிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்? எரிச்சலில் கஷ்டமான வார்த்தையாகப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தேன். பாவி, எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். டில்லியில் முதல் கூட்டத்தில் மூன்றே வாக்கியம் பேசி உட்கார்ந்துவிட்டாளாம், எல்லாரும் மேசையைத் தட்டினார்களாம். அது என் மூன்று வாக்கியம். கொஞ்ச காலத்தில் அவளைத் தலைமையகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். சபாபதி சார் ஓய்வுபெற்றபோது கிளைச் செயலாளர் நாற்காலி எனக்கு வந்தது. அந்தத் தகரக் கூட்டை எனக்குக் கொடுத்தார். பிளாஸ்க்கை வசந்தாவுக்கு டில்லிக்கு அனுப்பிவைத்தார். பார்சல் கட்டியதும் நான்தான்.

சபாபதி சார் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. வசந்தாவும் ஓய்வுபெற்று ஊருக்கே திரும்பிவிட்டாள். நித்யா வந்து போன மறுவாரம் அவளைப் பார்க்கப் போனேன். நிலமெல்லாம் பிளாட் ஆகிவிட்டது, அவள் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். அலமாரியில் அந்த நீலப் பிளாஸ்க் இருந்தது. அதைப் பார்த்ததும் என் முகம் மாறியிருக்க வேண்டும்.

"இன்னா பிலோக்கா, அதையே மொறைக்கற?"

"உனக்கு மட்டும் தினம் ஊத்திக் குடுத்தாரே. எனக்கு ஒரு தடவை நீட்டியிருப்பாரா?" என்றேன். முப்பது வருடத்துக்கு மேல் உள்ளேயே கிடந்தது, வாயிலிருந்து வந்துவிட்டது.

வசந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் ஏதோ வைத்தாள், அந்தப் பிளாஸ்க்கிலேயே ஊற்றிக் கொண்டுவந்தாள். மூடியில் சாய்த்து என்னிடம் நீட்டினாள். "அப்பிடியே அவுரு ஊட்டு பக்குவம். குடி" என்றாள்.

குடித்தேன். சர்க்கரை இல்லை. பாலும் பேருக்குத்தான். வெந்தயமோ என்னவோ போட்டுக் கொதிக்க வைத்த கசப்பு. தொண்டையில் இறங்கவில்லை.

"அவுருக்கு சக்கர வியாதி. மொத நாளு மரியாதிக்கு நல்லாக்கீதுன்னு சொல்லித் தொலச்சிட்டேன். அதுலேர்ந்து தெனம் ஊத்திட்டாரு, எப்பிடி வேணாம்னு சொல்றது? உனுக்கு இஞ்சி, ரெண்டு சக்கர, நொர பொங்க கடேலேர்ந்து வரும். கீழ போயி அந்தக் கடக்காரன்கிட்ட அவுரே சொல்லுவாரு, பிலோமினாவுக்கு இஞ்சி தட்டிப் போடுன்னு. நீ கிளாஸ டணார்னு வப்ப. நான் அதையே பாத்துகினு இந்தக் கசாயத்த முழுங்குவேன்" என்றாள்.

மூடியில் மிச்சம் இருந்ததையும் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தேன். மூடியை அவள் பக்கம் நீட்டினேன்.

"இன்னொண்ணு ஊத்துடி" என்றேன்.